கோ-டூ தொலைநோக்கி அடம் பிடிக்கிறதா? அறிகுறியை வைத்துப் பிழையைப் பிடிக்கும் வழி

நாலு பேர் சேர்ந்து வானம் பார்க்கும் இரவுகளில் எனக்கு வானம் பார்க்க நேரம் கிடைப்பதே அபூர்வம். "அண்ணே, இது திரும்பவே மாட்டேங்குது, ஒரு நிமிஷம் வந்து பாருங்க" என்று யாராவது கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். மோட்டார் போய்விட்டது என்ற தீர்ப்பையும் அவர்களே எழுதி வைத்திருப்பார்கள். போய்ப் பார்த்தால் பேட்டரி தீர்ந்திருக்கும், இல்லாவிட்டால் தேதி மாறியிருக்கும், அதுவும் இல்லையென்றால் சுவாதியைக் காட்டச் சொன்ன இடத்தில் சித்திரையைக் காட்டியிருப்பார்கள்.

கோ-டூ மவுண்டுக்கு, அதாவது கேட்ட பொருளை நோக்கித் தொலைநோக்கியைத் தானாகவே திருப்பும் மோட்டார் தாங்கிக்கு, கண் கிடையாது. நீங்கள் கொடுத்த தேதி, நேரம், இடம், நீங்கள் காட்டிய நட்சத்திரம் ஆகியவற்றை நம்பித்தான் அது திரும்புகிறது. அதனால் மவுண்டைச் சந்தேகிக்கும் முன் கொடுத்த விவரத்தைச் சந்தேகியுங்கள். உங்கள் கருவி என்ன செய்கிறதோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். காசில்லாமல் தீரும் காரணம் முதலில் வரும், காசு வைக்கிற காரணம் கடைசியில் வரும்.

## திரை எரியவில்லை, அல்லது நடுவில் அணைந்து மறுபடி எழுகிறது

பவர் பிளக்கைப் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். 12 வோல்ட் மவுண்டுகளில் வரும் உருளை பிளக், சாக்கெட்டின் நடு ஊசியில் தளர்வாக உட்காருவது தீராத தொல்லை. ஆட்டும்போது திரை மினுக்கினால் பிரச்சினை அங்கேதான். சில சாக்கெட்டுகளில் நடு ஊசி நீளவாக்கில் இரண்டாகப் பிளந்திருக்கும். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, மெல்லிய ஸ்க்ரூடிரைவர் நுனியை அந்தப் பிளவில் வைத்துத் துளி அகட்டினால் போதும், பிடிப்பு வந்துவிடும். துளிதான். அழுத்தினால் ஊசி ஒடியும்.

பிளக் சரியாக இருந்தால் அடுத்தது பேட்டரி. 8 ஏஏ பேட்டரி போடும் மவுண்டில் ரீசார்ஜ் பேட்டரிகளைப் போட்டால் ஒவ்வொன்றும் 1.2 வோல்ட், மொத்தமே 9.6. திரை எரிய அது போதும். இரண்டு மோட்டாரும் சேர்ந்து வேகமாக ஓடும்போது வோல்டேஜ் சரிந்து கன்ட்ரோலர் (திரையும் பொத்தான்களும் உள்ள கைக்கருவி) அணைந்து எழும். சும்மா நிற்கும்போது எல்லாம் ஒழுங்கு, திரும்பும்போது மட்டும் தகராறு என்றால் இதுதான் காரணம். வேறு வகை பேட்டரி என்றால், அதைத் தனியாக எடுத்து மல்டிமீட்டரில் பார்த்துவிட்டு, 12 காட்டுகிறதே என்று ஏமாறாதீர்கள். மவுண்ட் வேகமாகத் திரும்பிக்கொண்டிருக்கும்போது அளக்க வேண்டும். அப்போது 11க்குக் கீழே இறங்கினால் பேட்டரியை நம்பாதீர்கள்.

அடாப்டர் என்றால் லேபிளைப் படியுங்கள். 12 வோல்ட் என்று போட்டிருக்கிறதே என்று ரவுட்டர் அடாப்டரை மாட்டிவிட்டு மவுண்டைத் திட்டியவர்களைப் பார்த்திருக்கிறேன். 12 வோல்ட் சரி, ஆம்பியர் எத்தனை? மவுண்டின் கையேட்டில் கேட்டிருக்கும் அளவுக்குக் குறையக் கூடாது. நடு ஊசி பாசிட்டிவாக இருக்க வேண்டிய மவுண்டில் துருவம் மாறிய அடாப்டரை மாட்டினால் உள்ளே இருக்கும் மின்சுற்று போர்டே போகலாம், ஆகவே மாட்டும் முன் லேபிளில் உள்ள படத்தைப் பாருங்கள்.

வேறொரு நல்ல அடாப்டரிலும் திரை எரியவில்லையா? இனி ஃபியூஸ் அல்லது போர்டு. பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

## திரை எரிகிறது, மோட்டார் அசையவில்லை

வேக எண் என்னவென்று பாருங்கள். பெரும்பாலான கன்ட்ரோலர்களில் 1 முதல் 9 வரை இருக்கும். 1, 2 எல்லாம் ஐபீஸுக்குள் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) நட்சத்திரத்தை நகர்த்தும் வேகம், வெறுங்கண்ணுக்கு அசைவே தெரியாது. ஒரு நண்பர் இப்படித்தான் மவுண்டைப் பெட்டிக்குள் வைத்துக் கட்டியே விட்டார், வாங்கிய இடத்துக்குத் திருப்பி அனுப்ப. பிரித்து 9ல் வைத்து அம்புக்குறியை அழுத்தினேன். குழாய் சர்ரென்று திரும்பியது. அவர் முகத்தை இருட்டில் பார்க்க முடியவில்லை, நல்லதாய்ப் போயிற்று.

மோட்டார் சத்தம் கேட்கிறது, குழாய் மட்டும் திரும்பவில்லை என்றால், அச்சை மோட்டாரோடு பிடித்து வைக்கும் கிளட்ச் தளர்ந்திருக்கிறது. கையால் இறுக்குங்கள், இடுக்கி வேண்டாம்.

திரையில் 'நோ ரெஸ்பான்ஸ்' என்று வந்தால் மோட்டார் போர்டும் கன்ட்ரோலரும் பேசிக்கொள்ளவில்லை என்று பொருள். செலஸ்ட்ரான் நிறுவனத்தின் நெக்ஸ்ஸ்டார் வகையில் கூடவே எண்ணும் வரும்: 16 என்றால் பக்கவாட்டில் திரும்பும் அச்சு, 17 என்றால் மேலும் கீழும் போகும் அச்சு. இதற்கும் முதல் காரணம் மின்சாரம்தான், மேலே சொன்னதையெல்லாம் முடித்துவிட்டு வாருங்கள். அப்புறம் கன்ட்ரோலர் கேபிளைக் கழற்றி, பழைய டெலிபோன் பிளக் போன்ற அந்த முனை 'டிக்' என்று சொல்லும்வரை மறுபடி செருகுங்கள். பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு துளை இருக்கும், இருட்டில் அதில் போய் மாட்டியிருப்பீர்கள். அச்சு மோட்டாருக்குத் தனி கேபிள் போகும் மவுண்டுகளில் அதையும் கழற்றி மாட்டுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஒரே அச்சு மட்டும் தொடர்ந்து முரண்டு பிடித்தால் மோட்டாரோ போர்டோ பழுது. நாமே பிரித்துப் பார்க்கிற வேலை இல்லை.

## முதல் நட்சத்திரத்துக்கே தரையையோ சுவரையோ பார்க்கிறது

கேட்ட நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் பக்கத்தில் போய் நின்றால் அது பிழையே இல்லை, அம்புக்குறியால் நகர்த்திக்கொள்ளலாம். சம்பந்தமே இல்லாத பக்கம் திரும்பினால்தான் இந்தப் பகுதி உங்களுக்கு.

தேதி. பல கன்ட்ரோலர்களில் மாதம் முதலில், நாள் பிறகு. ஆகஸ்ட் 5ஐ 05/08 என்று அடித்தால் அது மே 8 என்று எடுத்துக்கொள்ளும். மூன்று மாத வித்தியாசம், வானம் ஏறக்குறைய கால் வட்டம் தள்ளிப் போய்விடும். 25ஆம் தேதி என்றால் 25ஆவது மாதம் கிடையாது என்று கருவியே மறுத்துவிடும். 12ஆம் தேதி வரைதான் இந்தத் தவறு சத்தமில்லாமல் உள்ளே நுழையும். 'போன வாரம் நன்றாகத்தானே இருந்தது' என்பவர்களிடம் நான் முதலில் கேட்பது இன்றைக்கு என்ன தேதி என்பதைத்தான்.

நேரம். வானம் மணிக்கு 15 டிகிரி நகர்கிறது, 4 நிமிடத்துக்கு ஒரு டிகிரி. கோடைகால நேரம் வழக்கத்தில் இல்லாத ஊரில் 'டேலைட் சேவிங்' என்ற கேள்விக்கு ஆம் என்று சொல்லிவிட்டால் 15 டிகிரி போச்சு. அரை மணியில் முடியும் நேர மண்டலத்தில் இருந்துகொண்டு முழு மணியை மட்டும் கொடுத்தால் ஏழரை டிகிரி. ஏழரை என்றாலே சும்மா விடாது. இரவு 8 மணியை 08:00 என்று அடிப்பதும் உண்டு, அது காலை எட்டு. பெரும்பாலான கன்ட்ரோலர்களில் கடிகார பேட்டரி இல்லை என்பதால் ஒவ்வொரு முறை போடும்போதும் நேரத்தைப் புதிதாகக் கொடுத்தாக வேண்டும்.

இடம். கைபேசி வரைபடம் 11.75 என்று தசமத்தில் காட்டும், கன்ட்ரோலர் டிகிரியும் நிமிடமும் கேட்கும். தசமத்தை 60ஆல் பெருக்குங்கள்: 11 டிகிரி 45 நிமிடம். இதில் பிசகினாலும் ஒரு டிகிரிக்குள்தான் தவறு வரும், தரையைப் பார்க்கிற அளவுக்குப் போகாது. பெரிய கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது: கிழக்கு என்பதை மேற்கு என்றே விட்டுவிடுவது, அல்லது தீர்க்கரேகை கேட்ட இடத்தில் அட்சரேகையை அடிப்பது.

பழைய ஜிபிஎஸ். தேதியை நீங்கள் கொடுக்காமல் ஜிபிஎஸ் பெட்டி கொடுக்கிறது என்றால் வருடத்தைப் பாருங்கள். ஜிபிஎஸ் 1024 வாரங்கள் வரைதான் எண்ணும், பிறகு பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். கடைசியாக அப்படித் திரும்பியது 2019 ஏப்ரல் 6 நள்ளிரவில். அதற்குத் தயாராக இல்லாத பழைய பெட்டிகள் அன்றிலிருந்து ஏறக்குறைய 19.6 வருடம் பின்னே நிற்கின்றன. பெட்டியைக் கழற்றிவிட்டு விவரங்களைக் கையால் அடியுங்கள்.

தொடக்க நிலை. சில மவுண்டுகள் குழாயைத் தரைக்கு இணையாக வைத்து வடக்கு நோக்கித் தொடங்கச் சொல்லும். கைபேசி திசைகாட்டியை இரும்புக் கால் மேலேயே வைத்துப் பார்த்தால் அது காட்டுவது வடக்கு அல்ல, இரும்பு இருக்கும் பக்கம். நாலடி தள்ளி நின்று பாருங்கள்.

## நட்சத்திரங்களைக் காட்டியும் 'அலைன்மென்ட் தோல்வி' என்கிறது

அலைன்மென்ட் என்பது சில நட்சத்திரங்களைக் காட்டி வானத்தைக் கருவிக்கு அறிமுகப்படுத்துவது. அது தோற்க முதல் காரணம் ஆள்மாறாட்டம். இதற்கே ஒரு முழு இரவு போகும்.

கன்ட்ரோலர் அரபு, கிரேக்க, லத்தீன் பெயர்களில் பேசும், நமக்குப் பழக்கம் வேறு. ஆர்க்டியூரஸ் என்றால் சுவாதி, ஸ்பைக்கா என்றால் சித்திரை, அல்டெபரான் ரோகிணி, பீட்டல்ஜூஸ் திருவாதிரை, ரெகுலஸ் மகம், அன்டாரஸ் கேட்டை, அல்டேர் திருவோணம். நிறத்தை வைத்துச் சரிபாருங்கள். திருவாதிரை செம்மை, அது இருக்கும் ஓரியன் மண்டலத்தின் மறுமூலையில் உள்ள ரைஜெல் நீலம் கலந்த வெள்ளை. சுவாதி ஆரஞ்சு, சித்திரை நீலவெள்ளை. கேட்டையைச் செவ்வாயோடு குழப்பிக்கொள்வது இன்று நேற்று வந்த வழக்கம் அல்ல. அன்டாரஸ் என்ற பெயருக்கே செவ்வாய்க்குப் போட்டி என்றுதான் பொருள். புனர்பூசத்தின் இரட்டையரான காஸ்டரும் பொல்லக்ஸும் இன்னொரு பொறி. சந்தேகம் வந்தால் அந்த நட்சத்திரத்தை விட்டுவிட்டு, உங்களுக்கு ஐயமே இல்லாத வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள். கருவி கோபித்துக்கொள்ளாது.

ஆள் சரியானால், குழாயின் மேல் குறிபார்க்க வைத்திருக்கும் சின்னக் கருவியான ஃபைண்டரைப் பாருங்கள். சிவப்புப் புள்ளியில் நட்சத்திரம் இருக்கிறது, ஐபீஸில் இல்லை என்றால் இரண்டும் வேறு வேறு திசை பார்க்கின்றன. இதைப் பகலிலேயே முடித்துவிட வேண்டும். சில நூறு மீட்டர் தள்ளி இருக்கும் கோபுர உச்சியையோ கம்ப முனையையோ ஐபீஸின் நடுவில் கொண்டுவந்து, குழாயை அசைக்காமல், ஃபைண்டரின் திருகுகளைத் திருப்பி அதே முனைக்குக் கொண்டுவாருங்கள். சூரியன் இருக்கும் பக்கமே குழாயைத் திருப்பாதீர்கள். பகலில் கோ-டூவை ஓட விடவும் வேண்டாம். போகிற வழியில் சூரியன் இருக்கிறதா என்று அது பார்த்துக்கொள்ளும் என்று நம்பிக் கண்ணை வைக்க முடியாது.

பொத்தானும் கவிழ்க்கும். சில கன்ட்ரோலர்களில் ஃபைண்டரில் நடுவானதும் 'என்டர்', ஐபீஸில் நடுவானதும் 'அலைன்'. அவசரத்தில் 'என்டர்' அழுத்திய கையோடு 'அலைன்' அழுத்தினால் அரை டிகிரி பிழையை நாமே ஊட்டி விடுகிறோம்.

நட்சத்திரத் தேர்வில் எனக்கு உள்ள விதி சின்னது. தலைக்கு நேர் மேலே வேண்டாம், கட்டட விளிம்பை ஒட்டியும் வேண்டாம், இரண்டும் ஒரே பக்கமும் வேண்டாம். ஒன்று கிழக்கே என்றால் இன்னொன்று தெற்கிலோ வடக்கிலோ இருந்தால் நல்லது.

## அலைன்மென்ட் வெற்றி, ஆனால் கேட்ட பொருள் ஐபீஸில் இல்லை

இந்த ஒரு அறிகுறி நாலு வழியாகப் பிரியும். எங்கே, எப்போது தவறுகிறது என்று முதலில் கவனியுங்கள்.

எல்லாப் பக்கமும் கொஞ்சம் தள்ளி நிற்கிறது. நடுவாக்கியது போதவில்லை. 1500 மில்லிமீட்டர் குவியத்தூரம் உள்ள குழாயில் 25 மில்லிமீட்டர் ஐபீஸ் 60 மடங்கு பெரிதாக்கும், சாதாரண ஐபீஸில் தெரியும் வட்டம் சுமார் 0.8 டிகிரி. அந்த வட்டத்தில் 'ஏறக்குறைய நடு' என்பது ஏறக்குறைய எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம். நான் செய்வது இது: நட்சத்திரத்தை வேண்டுமென்றே குவியம் கலைத்து, வட்டத்தில் பாதியை அடைக்கும் தட்டாக ஊத விடுவேன். தட்டின் விளிம்புக்கும் ஐபீஸ் விளிம்புக்கும் நடுவே சுற்றிலும் ஒரே இடைவெளி இருக்கிறதா என்று பார்ப்பது, ஒரு புள்ளி நடுவில் இருக்கிறதா என்று பார்ப்பதைவிடப் பல மடங்கு எளிது. கடைசி நகர்த்தலை எப்போதும் மேல் அம்புக்குறியிலும் வலது அம்புக்குறியிலும் முடியுங்கள். தாண்டிவிட்டால் பின்னே போய், மறுபடி மேல், வலது. பற்சக்கரங்களின் தளர்வு ஒரே பக்கம் தள்ளப்பட்டு நிற்கும்.

வானத்தின் ஒரு பகுதியில் மட்டும் தவறுகிறது. அலைன்மென்ட் நட்சத்திரங்கள் இரண்டும் மறுபக்கம் இருந்தன. தவறும் பகுதியில் ஒரு நட்சத்திரத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள், அல்லது 'இதுதான் அது' என்று கருவிக்குச் சொல்லும் 'சிங்க்' வசதி இருந்தால் பக்கத்து நட்சத்திரத்தில் பயன்படுத்துங்கள்.

நட்சத்திரங்கள் சரியாக வருகின்றன, நிலாவும் கோள்களும் மட்டும் தவறு. இதைக் கேட்டவுடன் தேதி என்று சொல்லிவிடுவேன். நட்சத்திரங்களை நீங்கள் கையால் காட்டிக் கொடுத்ததால் நேரப் பிழையைக் கருவி சரிக்கட்டிக்கொள்கிறது. கோள்கள் எங்கே என்பதைத் தேதியை வைத்துத்தான் கணக்கிடும், அந்தக் குட்டு அங்கேதான் உடையும். நிலா மட்டும் அரை டிகிரி தள்ளி இருந்தால் ஒரு மணி நேரப் பிசகு. நட்சத்திரங்களுக்கு இடையே நிலா மணிக்கு அவ்வளவுதான் நகர்கிறது.

முதலில் சரியாக இருந்தது, போகப் போக மோசமாகிறது. டிரைபாட் கால் மண்ணில் இறங்குகிறது, நடுத் திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது கிளட்ச் வழுக்குகிறது. ஐபீஸைத் தொட்டவுடன் குழாய் தொங்கினால் கிளட்ச். அலைன்மென்ட் ஆன பிறகு யாரோ ஆசையாகக் குழாயைக் கையால் தள்ளியிருந்தாலும் இதே கதைதான். கையால் தள்ளினாலும் கணக்கு மறக்காத இரட்டை என்கோடர் மவுண்ட் உங்களிடம் இல்லையென்றால் முதலிலிருந்து தொடங்குங்கள்.

இன்னொன்றும் உண்டு. பொருள் நடுவில்தான் இருக்கும், நமக்குத்தான் தெரியாது. லைரா மண்டலத்தின் வளைய நெபுலா எம்57, 30 மடங்கில் குவியம் பிசகிய நட்சத்திரம் போலத்தான் இருக்கும். நகர வெளிச்சத்தில் மங்கலான கேலக்சியைக் கேட்டுவிட்டு கோ-டூவைக் குறை சொல்லக் கூடாது. சோதனைக்கு அல்பிரியோ போன்ற பிரகாசமான இரட்டை நட்சத்திரத்தைக் கேளுங்கள். பொன்னிறமும் நீலமும் ஜோடியாக வந்து நின்றால் மவுண்ட் மேல் தவறில்லை.

## பொருள் வருகிறது, நிற்காமல் நழுவுகிறது

கடிகாரத்தைப் பாருங்கள். வான நடுக்கோட்டுக்கு (நிலநடுக்கோட்டுக்கு நேர் மேலே வானில் ஓடும் கோடு) பக்கத்தில் இருக்கும் நட்சத்திரம், மேலே சொன்ன 0.8 டிகிரி வட்டத்தின் நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒன்றரை நிமிடத்தில் போனால், வானத்தின் நகர்வைப் பின்தொடரும் டிராக்கிங் ஓடவே இல்லை. மெனுவில் டிராக்கிங் முறை அணைந்திருக்கும், அல்லது ஆல்ட்-அசிமுத் (பக்கவாட்டிலும் மேலும் கீழும் திரும்பும்) மவுண்டில் ஈக்வடோரியல் (ஓர் அச்சு வானத் துருவத்தைப் பார்க்கும் வகை) என்று தேர்வாகியிருக்கும். பத்து, இருபது நிமிடம் கழித்து ஓரத்துக்கு வந்தால் அது அலைன்மென்ட்டின் சிறு பிழை, கண்ணால் பார்க்க அது போதும். வேகத் தேர்வில் நிலா வேகம் இருந்தாலும் நட்சத்திரம் மெல்ல நழுவும்.

அம்புக்குறியை அழுத்தியதும் நட்சத்திரம் சில நொடி தயங்கிப் பிறகு நகர்ந்தால், பற்சக்கரத் தளர்வை ஈடுகட்டும் பேக்லாஷ் எண் குறைவு. துள்ளிக் குதித்தால் அந்த எண் அதிகம். மெனுவிலேயே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிப் பாருங்கள்.

ஈக்வடோரியல் மவுண்ட் என்றால் துருவ அச்சைச் சரிபார்க்க வேண்டும். நிலநடுக்கோட்டுக்கு அருகே இருப்பவர்களுக்கு ஒரு கூடுதல் தலைவலி உண்டு: மவுண்டை அவ்வளவு தாழ்வாகச் சாய்க்கும்போது எடைக்கல் டிரைபாட் காலில் இடிக்கலாம். இரவில் மோட்டாரை விட்டு அதைக் கண்டுபிடிக்க வேண்டாம், பகலில் கையால் சுற்றிப் பாருங்கள்.

## கைபேசி இணைப்பு அறுந்துகொண்டே இருக்கிறது

மவுண்டின் வைஃபையில் இணையம் கிடையாது. கைபேசி அதைப் பார்த்து, 'இதில் ஒன்றும் இல்லை' என்று தானாகவே மொபைல் டேட்டாவுக்குத் தாவிவிடும். டேட்டாவை அணையுங்கள், செயலிக்கு இருப்பிட அனுமதி கொடுங்கள், முடிந்தது. ஒரே நேரத்தில் இரண்டு கைபேசிகள் கட்டளை கொடுக்கவும் வேண்டாம்.

## ஐபீஸில் வெறும் இருட்டு

மூடி. சிரிக்காதீர்கள், பெரிய மூடியின் நடுவில் உள்ள சின்ன மூடியை மட்டும் கழற்றிவிட்டுத் தேடிக்கொண்டிருந்தவனில் நானும் ஒருவன். அப்புறம் உருவத்தை இன்னும் பெரிதாக்கும் துணை லென்ஸான பார்லோவைக் கழற்றி, இருப்பதில் பெரிய மில்லிமீட்டர் எண்ணுள்ள ஐபீஸைப் போட்டு, நிலாவிலோ பிரகாசமான நட்சத்திரத்திலோ குவியம் வையுங்கள். எல்லாம் மங்கிக்கொண்டே வந்தால் கண்ணாடியில் பனி படிந்திருக்கிறது. துடைக்காதீர்கள், கீறல் விழும். மெல்லிய சூடான காற்று காட்டுங்கள்.

## மோட்டார் சத்தம் மாறிவிட்டது

வேகமாகத் திரும்பும்போது கோ-டூ இரைவது இயல்பு. அந்த இரைச்சலின் சுருதி நடுவில் இறங்கினால் முதலில் பார்க்க வேண்டியது கேபிள்: மவுண்டைச் சுற்றிக்கொண்டு இழுக்கிறதா? அடுத்தது எடை. கனமான ஐபீஸோ கேமராவோ மாட்டியதால் குழாய் பின்பக்கம் சாய்கிறதென்றால் தாங்கிப் பட்டையில் முன்னே நகர்த்துங்கள். அதற்கும் அடங்காவிட்டால் குழாயைக் கழற்றி வைத்துவிட்டு மவுண்டை மட்டும் ஓட்டுங்கள். வெறும் மவுண்டிலும் கரகரவென்று அரைத்தால், ஒரே இடத்தில் ஒவ்வொரு சுற்றிலும் தடுக்கினால், கருகிய வாடை வந்தால் உடனே அணைத்துவிடுங்கள். பற்சக்கரத்தையும் போர்டையும் பழுது பார்ப்பவரிடம் விட்டுவிடுவதுதான் உத்தமம். நாம் பிரித்தால் உத்தரவாதமும் போகும், பற்சக்கர இடைவெளியும் போகும்.

அனுப்பும் முன் சத்தத்தை வீடியோ எடுங்கள், திரையில் வந்த பிழைச் செய்தியையும் கன்ட்ரோலரின் மென்பொருள் பதிப்பு எண்ணையும் எழுதி வையுங்கள். கன்ட்ரோலர், கேபிள், அடாப்டர் எல்லாவற்றையும் சேர்த்தே அனுப்புங்கள். நான் ஒருமுறை மவுண்டை மட்டும் அனுப்பினேன். பழுதே இல்லை என்று மூன்று வாரம் கழித்துத் திரும்பி வந்தது. கோளாறு என் வீட்டு அலமாரியில் இருந்த கேபிளில்.